கடன் எண்டு தந்த சம்பளம்: பிரித்தானியாவின் ஒரு பின்னோக்கிய வரியின் கதை

2019 ஏப்ரல் 5 ஒரு வெள்ளிக்கிழமை. பிரித்தானியாவில் வரி ஆண்டு முடிகிற நாள் அது. அண்டைக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு அந்த நாட்டில் ஏறக்குறைய 50,000 பேருடைய பழைய கடன்கள் எல்லாம் ஒரே அடியில் வருமானமாக மாறின. சிலருக்கு அது மூன்று வருடக் கடன், சிலருக்குப் பத்து வருடம். சட்டம் போட்ட எல்லை 1999 ஏப்ரல் 6, அதாவது இருபது வருடம் பின்னுக்கு. அந்த இருபது வருடத்துக்குள் வாங்கித் திருப்பிக் கட்டாத கடன் எவ்வளவு இருந்தாலும், அது முழுவதையும் அந்த ஒரு வருடத்தில் உழைத்ததாகக் கணக்கெடுத்து வரி கட்டவேண்டும். இதற்குப் பெயர் 'லோன் சார்ஜ்'. நாங்கள் இதைக் கடன்வரி என்றே எழுதுகிறோம்.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம் என்று கேட்கலாம். எங்களுக்குள்ளும் சிலர் வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறோம். 2025 ஏப்ரலில் இருந்து அந்த வருமானத்துக்கு இலங்கையில் 15 வீதம் வரை வரி வந்தபோது, 'பழைய வருசத்துக்கும் கேப்பாங்களோ?' என்பதுதான் பலபேர் கேட்ட முதல் கேள்வி. கேட்கவில்லை. அந்த வரி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, குறித்த திகதியில் இருந்துதான் தொடங்கியது. ஆனால் ஒரு அரசு பழைய வருடங்களுக்கும் கேட்கலாம், கேட்டும் இருக்கிறது. பிரித்தானியாவில் அப்படிக் கேட்டபோது என்ன நடந்தது என்பதைத் தேடி வாசித்ததில் பிறந்தது இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. எங்கட பக்கத்தில் கொந்தராத்துக்காரர் என்றால் றோட்டுப் போடுகிறவர், பள்ளிக்கூடக் கட்டடம் கட்டுகிறவர். பிரித்தானியாவில் 'கொன்றக்டர்' என்பது வேறு ஆள். வங்கி ஒன்றில் ஆறு மாதத்துக்கு மென்பொருள் வேலை செய்கிற பொறியியலாளர், உள்ளூராட்சி சபையில் தற்காலிகமாகச் சேர்ந்த சமூகப் பணியாளர், முகவர் நிறுவனம் ஊடாக வைத்தியசாலைக்குப் போகிற தாதி என்று எல்லாரும் அதற்குள் வருவார்கள். நிரந்தர வேலை, விடுமுறைச் சம்பளம், ஓய்வூதியம் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக நாட்கூலி கொஞ்சம் கூட. ஒப்பந்தப் பணியாளர் என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

1990களில் இவர்களில் பலர் தங்கள் பெயரில் ஒரு சின்னக் கொம்பனி தொடங்கி அதனூடாகவே சம்பளம் வாங்கினார்கள். சம்பளத்தைக் குறைவாகவும் பங்கிலாபத்தைக் கூடவும் எடுத்தால் வரி குறையும். வெள்ளிக்கிழமை வேலையை விட்டுப்போன ஊழியர் திங்கட்கிழமை ஒரு கொம்பனியாக அதே கதிரைக்குத் திரும்பி வந்தார் என்று அந்தக் காலத்தில் பகிடியாகச் சொல்வார்கள். இதை நிறுத்துவதற்கு, நிதி அமைச்சராக இருந்த கோர்டன் பிரவுண் 1999 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு விதியைக் கொண்டு வந்தார். அதை அறிவித்த செய்திக்குறிப்பின் இலக்கம் ஐ.ஆர். 35. அந்த இலக்கமே சட்டத்துக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. 2000 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

ஐ.ஆர். 35 கேட்ட கேள்வி சுலபமானதாகத்தான் தெரியும்: இடையில் இருக்கிற கொம்பனியை எடுத்துவிட்டுப் பார்த்தால், நீ உண்மையில் ஊழியரா, சுயதொழில் செய்கிறவரா? பதில் சுலபமாக இருக்கவில்லை. யார் உன்னை மேற்பார்வை செய்கிறார், உனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்ப முடியுமா, நட்டம் வந்தால் யாருக்கு என்று ஒவ்வொரு ஒப்பந்தமாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். நீதிபதிகளே ஆளுக்கொரு முடிவுக்கு வந்தார்கள். பிழையாகக் கணித்தால் பின்னர் பெரிய பில் வரும். இந்தப் பயம்தான் அடுத்து வந்த வியாபாரத்துக்கு விளைநிலம் ஆனது.

அந்த வியாபாரத்தைச் செய்தவர்களை ஆங்கிலத்தில் 'புறமோட்டர்' என்பார்கள். திட்டத்தை விற்கிறவர்கள். நீங்கள் உங்கட கொம்பனியை மூடிவிட்டு அவர்களுடைய 'அம்ப்ரெல்லா' கொம்பனியில், அதாவது குடைக் கொம்பனியில், ஊழியராகச் சேரவேண்டும். வேலை கொடுக்கிறவர் காசை முகவருக்குக் கொடுப்பார், முகவர் குடைக் கொம்பனிக்குக் கொடுப்பார். அது உங்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி அளவுக்கு ஒரு சின்னச் சம்பளத்தைப் போடும். மிச்சக் காசு ஐல் ஒஃப் மேனிலோ ஜேர்சியிலோ இருக்கிற ஒரு ட்ரஸ்டுக்குப் போய், அங்கிருந்து உங்களுக்குக் 'கடனாக' வரும். கடன் வருமானம் இல்லை, ஆகவே அதற்கு வரி இல்லை. அந்தக் கடனை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்று வாயால் சொல்வார்கள். எழுத்தில் இருக்காது. உழைத்ததில் 80, 85 வீதம் கைக்கு வரும், மிச்சத்தில் பெரும்பகுதி திட்டம் விற்றவருக்குக் கட்டணமாகப் போகும். கூடவே ஒரு மூத்த சட்டத்தரணியின் எழுத்துமூலக் கருத்து ஒன்றும் காட்டப்படும்: இது சட்டபூர்வமானது, ஐ.ஆர். 35 பிரச்சினையும் வராது.

இங்கே நாங்கள் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. வேலைக்கான கூலி கடன் என்ற பெயரில் வருகிறது, ஆனால் திருப்பிக் கட்டத் தேவையில்லை என்றால், அதில் ஏதோ சரியில்லை என்று பலருக்குத் தெரிந்திருக்கும். பாதிக்கப்பட்டவர்களில் 65 வீதமானோர் வணிகச் சேவைத் துறையில் இருந்தவர்கள், மருத்துவமும் கல்வியும் சேர்ந்து 3 வீதத்துக்கும் குறைவு என்று எச்.எம்.ஆர்.சி. சொல்கிறது. எச்.எம்.ஆர்.சி. என்றால் பிரித்தானியாவின் இறைவரித் திணைக்களம். ஆகவே இது ஏழைத் தாதிமாரின் கதை மட்டும் இல்லை. நல்ல நாட்கூலி வாங்கினவர்களும், பக்கத்து மேசையில் முழு வரி கட்டின நிரந்தர ஊழியரை விடக் கூடக் காசு வீட்டுக்குக் கொண்டு போனவர்களும் இதற்குள் இருக்கிறார்கள். அதேநேரம், வேலை வேண்டும் என்றால் இந்தக் குடைக் கொம்பனியில் சேர் என்று முகவரே கையைக் காட்டிவிட்டவர்களும் இருக்கிறார்கள். குறிப்பாக 2017 ஏப்ரலில் அரச துறையில் விதி மாறின பிறகு அப்படித் தள்ளப்பட்டவர்கள் பலர். எச்.எம்.ஆர்.சி.க்குள்ளேயே ஒப்பந்தத்தில் வேலை செய்த சிலர் இப்படியான திட்டங்களில் இருந்தார்கள் என்பது பிறகு வெளியில் வந்தது.

அரசுக்கு இது எப்போது தெரியும்? கதையின் மையமே இந்தக் கேள்விதான்.

2004இல் நிதிச் சட்டம் ஒன்றின் மூலம் 'டோட்டாஸ்' என்ற முறை வந்தது. வரி தவிர்ப்புத் திட்டம் ஒன்றை விற்கிறவர் அதை அரசுக்கு அறிவித்து ஒரு இலக்கம் எடுக்கவேண்டும், அதில் சேர்ந்தவர் தன்னுடைய வருடாந்த வரிப் படிவத்தில் அந்த இலக்கத்தை எழுதவேண்டும். பலர் எழுதினார்கள். இலக்கம் கிடைப்பது அனுமதி கிடைப்பது அல்ல என்று எச்.எம்.ஆர்.சி. எப்போதும் சொல்லி வந்திருக்கிறது, அது சரிதான். ஆனால் படிவத்தில் எழுதிக் கொடுத்த ஆளைப் பார்த்து 'நீ ஒளித்தாய்' என்று சொல்வது கஷ்டம். அதே வருடம் டிசம்பர் 2ஆம் திகதி, அப்போது அமைச்சராக இருந்த டோன் பிரிமரோலோ பாராளுமன்றத்தில் ஒரு எச்சரிக்கையும் விட்டார்: வேலைக்கான வெகுமதியை வரியில் இருந்து தப்ப வைக்கிற ஏற்பாடுகளைக் கண்டால் சட்டம் கொண்டு வருவோம், தேவைப்பட்டால் இன்றைய திகதியில் இருந்தே அது பொருந்தும். அரசின் பக்கத்து வாதத்தில் இது பலமான துண்டு. ஆனால் அந்த எச்சரிக்கையைச் சொல்லுக்குச் சொல் எடுத்தாலும் 2004க்குத்தான் பின்னே போகலாம், 1999க்கு இல்லை.

பிரித்தானியாவில் வருமான வரிக்குக் கால எல்லை இருக்கிறது. படிவம் கொடுத்தபின் பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குள் விசாரணை தொடங்கலாம். அது தவறினாலும் நான்கு வருடம், கவனயீனம் என்றால் ஆறு, வேண்டுமென்று செய்தது என்றால் இருபது வருடம் வரை போகலாம். அதற்குப் பிறகு அந்த வருடத்தின் கணக்கு மூடப்பட்டுவிடும். மூடியபின் பழைய றசீதுகளை எறியலாம், அந்தக் காசை வீட்டுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ செலவழிக்கலாம். எச்.எம்.ஆர்.சி. ஆயிரக்கணக்கானவர்கள் மீது விசாரணை தொடங்கியது. தொடங்கிவிட்டு வருடக்கணக்காக ஒன்றும் செய்யாமலும் இருந்தது. இன்னும் பலர் மீது தொடங்கவே இல்லை. ஒரு வரி கூட எழுதிக் கேட்காமல் கால எல்லை கடந்துபோன வருடங்கள் நிறைய.

2010 டிசம்பர் 9ஆம் திகதி புதிய சட்டத்தின் வரைவு வெளியானது. மூன்றாம் ஆள் ஊடாக வருகிற இப்படியான கடன்கள் இனி வருமானமே என்று 2011 நிதிச் சட்டம் தெளிவாக்கியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சட்டம் முன்னோக்கியே போனது. அண்டைக்குப் பாராளுமன்றம் பழையதைத் தொடவில்லை. திட்டம் விற்றவர்களோ அடுத்த மாதமே வேறு வடிவத்தில், வேறு பெயரில் கடையைத் திறந்தார்கள்.

இதே நேரம் ஸ்கொட்லாந்தில் ஒரு உதைபந்தாட்டக் கழகம் இதே தந்திரத்தால் சிக்கிக் கிடந்தது. கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ். டேவிட் மரேயின் கையில் இருந்த காலத்தில், 2001 தொடக்கம் 2010 வரை, வீரர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் சம்பளத்தின் ஒரு பகுதி ட்ரஸ்ட் ஊடாகக் கடனாகவே போனது. எச்.எம்.ஆர்.சி. வழக்குப் போட்டது. அந்த வழக்குத் தலைக்கு மேல் தொங்கியபடியால் ஒழுங்கான ஆக்கள் யாரும் கழகத்தை வாங்க முன்வரவில்லை. 2011இல் கிரெய்க் வைட் என்பவர் ஒரே ஒரு பவுணுக்கு வாங்கினார். அவர் சாதாரண வரிகளையே கட்டாமல் விட்டதில் 2012 பெப்ரவரியில் கழகம் நிர்வாகியிடம் போய், பிறகு கலைக்கப்பட்டது. புதிய கொம்பனியாக நான்காவது பிரிவில் இருந்து மீண்டும் ஆடத் தொடங்கினார்கள். அந்த வருடம் நவம்பரில்தான் வரி நியாயசபையின் தீர்ப்பு வந்தது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கழகத்தின் பக்கம். கடன் கடனே என்று சொன்னார்கள். 2014இல் மேல் நியாயசபையும் பெரும்பாலும் அதையே சொன்னது. 2015இல் ஸ்கொட்லாந்தின் உயர் நீதிமன்றம் தலைகீழாக்கியது. கடைசியில் 2017 ஜூலை 5ஆம் திகதி உச்ச நீதிமன்றம் எச்.எம்.ஆர்.சி.யின் பக்கம் தீர்ப்பளித்தது: வேலைக்காகக் கொடுக்கப்பட்ட காசு யாருடைய கைக்குப் போனாலும் அது உழைப்பின் வருமானம்தான்.

அதாவது 2012 தொடக்கம் 2015 வரை, இந்தத் திட்டங்கள் வேலை செய்கின்றன என்றுதான் நியாயசபைகள் சொல்லிக்கொண்டு இருந்தன. படித்த நீதிபதிகளே பிரிந்து நின்ற ஒரு விடயத்தை ஒரு சமூகப் பணியாளர் 2006இலேயே விளங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அந்தத் தீர்ப்புக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. காசு ட்ரஸ்டுக்குப் போன அன்றே அது சம்பளம் என்றால், அன்றே வரியைக் கழித்துக் கட்டவேண்டியவர் முதலாளி. ஊழியர் அல்ல. ஆனால் குடைக் கொம்பனிகளில் பல அதற்குள் கலைக்கப்பட்டுவிட்டன, மிச்சம் கடல் கடந்து இருந்தன. கையில் அகப்பட்டது வேலை செய்தவர் மட்டும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்னரே, 2016 மார்ச் 16ஆம் திகதி, நிதி அமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் தன்னுடைய வரவு செலவுத் திட்டத்தில் கடன்வரியை அறிவித்துவிட்டார். 2017 நவம்பரில் அது சட்டமானது. எதிர்பார்த்த வருவாய் 3.2 பில்லியன் பவுண்ஸ். ஒவ்வொருவருடைய பழைய வருடத்தையும் திறந்து விசாரிப்பதற்குக் கால எல்லை தடையாக இருந்ததெல்லோ, அதைச் சுற்றிப் போகிற வழி இது. பழைய வருடத்தைத் திறப்பதில்லை. 2019 ஏப்ரல் 5இல் நிலுவையில் இருக்கிற கடன் தொகைக்குப் புதிதாக வரி விதிப்பது. ஆகவே இது பின்னோக்கிய வரியே இல்லை, இன்றைக்கு இருக்கிற நிலுவைக்கு இன்றைக்கு வரி என்பது அரசின் வாதம்.

அதன் விளைவை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒருவர் பத்து வருடம், வருடத்துக்கு 20,000 பவுண்ஸ் கடனாக எடுத்தார் என்று வைப்போம். சின்னச் சம்பளம் வரிவிலக்கு எல்லையை நிரப்பிவிட்டது, கடனுக்கு அடிப்படை வீதமான 20இல் வரி கட்டினால் வருடத்துக்கு 4,000, பத்து வருடத்துக்கு 40,000. அவர் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அவ்வளவுதான். கடன்வரியில் 200,000மும் 2018-19 என்ற ஒரே வருடத்தின் வருமானம். வரிவிலக்கு எல்லை இல்லாமல் போகிறது, பெரும்பகுதி 40 வீதத்துக்குள்ளும் மேல்பகுதி 45 வீதத்துக்குள்ளும் ஏறுகிறது. 75,600 பவுண்ஸ். இது அந்தக் கடனுக்கு மட்டும். அந்த வருடம் அவருக்கு வேறு சம்பளம் இருந்தால் இன்னும் கூடும். திட்டம் விற்றவருக்குக் கொடுத்த கட்டணமோ திரும்பி வராது. உண்மையில் தவிர்த்த வரியை அறவிடுவது ஒன்று, இது இன்னொன்று.

பின்னோக்கிய வரி பிரித்தானியாவுக்குப் புதிது இல்லை. 1978இலேயே ஒரு வரித் தவிர்ப்புத் திட்டத்தை உடைக்கப் பின்னோக்கிய சட்டம் வந்தபோது, பீற்றர் ரீஸ் என்ற உறுப்பினர் சில நிபந்தனைகளை முன்வைத்தார். எச்சரிக்கை துல்லியமாக இருக்கவேண்டும், எச்சரித்த திகதிக்கு அப்பால் போகக்கூடாது என்பதே அவற்றின் சாரம். அவை சட்டம் இல்லை, மரபு மட்டும். 2008இல் ஐல் ஒஃப் மேன் ஊடாகச் செய்த இன்னொரு திட்டத்துக்கு எதிராக 1987 வரை பின்னே போகிற சட்டத்தையும் பிரித்தானியா போட்டது, மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் அதை ஏற்றுக்கொண்டது. பாராளுமன்றத்தால் முடியுமா என்றால், முடியும்.

எங்கட நாட்டிலும் முடியும். இலங்கை அரசியலமைப்பின் 75ஆம் உறுப்புரை, பின்னோக்கிய பயனுள்ள சட்டங்களை ஆக்கும் தத்துவத்தைப் பாராளுமன்றத்துக்கு வெளிப்படையாகவே கொடுக்கிறது. செய்தபோது குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பிறகு தண்டிக்கக்கூடாது என்று 13(6) சொல்கிறது, ஆனால் அது குற்றத்துக்குத்தான், வரிக்கு இல்லை. 2015இல் வந்த மிகை ஆதாய வரி 2013/14இல் 2,000 மில்லியன் ரூபாவுக்கு மேல் இலாபம் எடுத்தவர்களிடம் 25 வீதம் கேட்டது. 2022இன் மிகைவரிச் சட்டம் 2020/21 வருடத்துக்கு அதையே செய்தது. அதன் சட்டமூலத்தில் முதலில் ஊழியர் சேமலாப நிதியும் உள்ளே வந்து, தொழிற்சங்கங்கள் சத்தம் போட்ட பிறகுதான் வெளியே எடுக்கப்பட்டது. இந்தியாவில் வோடபோன் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் வென்றவுடன், 1962 வரை பின்னே போகிற திருத்தத்தை அரசு கொண்டு வந்தது, 2021இல் அதைக் கைவிட்டது. இவை எல்லாம் பெரும்பாலும் பெரிய கொம்பனிகள். அவர்களிடம் சட்டத்தரணிகளும் இருப்புக் காசும் இருக்கின்றன. பிரித்தானியாவின் கடன்வரி தனி ஆட்களின் வீட்டுக் கதவுக்குத் தபாலில் போனது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

2018 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் பொருளாதார விவகாரக் குழு, இந்த வரி விளைவில் பின்னோக்கியதே என்று எழுதியது. 2019 ஜனவரியில் எட் டேவி கொண்டு வந்த திருத்தத்தால் அரசு தன்னைத்தானே ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டி வந்தது. எதிர்பார்த்தபடியே, எல்லாம் சரி என்றது அந்த அறிக்கை.

இந்த வருடங்களில் மக்களைத் தின்றது தொகை மட்டும் இல்லை, எவ்வளவு என்று தெரியாமை. ஒரு கடிதம் இவ்வளவு என்று சொல்லும், அடுத்தது வேறு தொகை. 2014இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, வழக்கு முடியும் முன்பே சர்ச்சைக்குரிய வரியைக் கட்டச் சொல்லி அறிவித்தல் வரும், 90 நாள் தவணை. சமாதானமாகப் பேசித் தீர்க்கப் போனவர்களிடம், கால எல்லை முடிந்த வருடங்களுக்கும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். சட்டப்படி கேட்க முடியாத காசு என்பதால் அதற்கு வைத்த பெயர் 'தன்விருப்பக் கொடுப்பனவு'. குடியிருக்கிற வீட்டை விற்கச் சொல்ல மாட்டோம் என்று எச்.எம்.ஆர்.சி. சொன்னது. வங்குரோத்தாக மாட்டீர்கள் என்று சொல்லவில்லை. இதற்கிடையில் இன்னொரு கூத்தும் நடந்தது. பழைய ட்ரஸ்டுகள் சில தங்கள் கடன் புத்தகங்களை வேறு கொம்பனிகளுக்கு விற்க, அந்தக் கொம்பனிகள் 'எங்கட கடனைத் திருப்பித் தா' என்று கடிதம் போட்டன. அரசு அதைச் சம்பளம் என்கிறது, அவர்கள் கடன் என்கிறார்கள். வரியைக் கட்டினாலும் கடன் அழிந்துபோகாது.

கடன்வரியை எதிர்கொண்டவர்களில் பத்துப் பேர் உயிரை மாய்த்துக்கொண்டது தங்களுக்குத் தெரியும் என்று எச்.எம்.ஆர்.சி.யே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வரி ஏய்த்தவன், ஏன் பரிதாபம் என்று எழுதுகிறவர்களின் வாதத்தை நாங்கள் மேலே ஒதுக்காமல் எடுத்திருக்கிறோம். ஆனாலும் அந்த எண்ணைத் தாண்டிச் சுலபமாகப் போக முடியவில்லை.

2019 செப்டெம்பரில், தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் முன்னாள் தலைவர் சேர் அமியாஸ் மோர்ஸிடம் ஒரு சுயாதீன மீளாய்வு ஒப்படைக்கப்பட்டது. டிசம்பர் 20இல் அறிக்கை வந்தது. இருபது வருடம் பின்னே போனது அதிகம் என்றார். சட்டம் தெளிவான திகதி 2010 டிசம்பர் 9, அதற்கு முந்திய கடன்களை விடுங்கள். அதற்குப் பிறகும், 2016 ஏப்ரலுக்கு முன், படிவத்தில் ஒழுங்காகச் சொல்லியும் எச்.எம்.ஆர்.சி. ஒன்றும் செய்யாத வருடங்களை விடுங்கள். தொகையை மூன்று வருடங்களுக்குப் பரப்ப விடுங்கள். 'தன்விருப்பமாக' வாங்கினதைத் திருப்பிக் கொடுங்கள். அரசு பெரும்பாலும் ஏற்று 2020 நிதிச் சட்டத்தில் போட்டது. 30,000 பேருக்கு மேல் நிவாரணம், ஏறக்குறைய 11,000 பேர் முழுதாக வெளியே என்று மதிப்பிட்டார்கள்.

எங்கட பார்வையில் மோர்ஸ் சரியான இடத்தில் கையை வைத்தார். தவிர்த்தவர் தப்பலாமா என்ற கேள்வியோடு அவர் நிற்கவில்லை. பிடிக்க அதிகாரமும் தகவலும் இருந்த அரசு பிடிக்காமல் விட்டால் அந்தத் தாமதத்தின் விலையை யார் கட்டுவது என்பதையும் கேட்டார். கால எல்லை என்பது குடிமகனுக்குக் கொடுக்கிற சலுகை மட்டும் இல்லை, திணைக்களத்தைச் சோம்பாமல் வேலை செய்ய வைக்கிற கயிறும் அதுதான். கடன்வரி அந்தக் கயிற்றை அறுத்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2010க்குப் பிந்தியவர்கள் அப்படியே இருந்தார்கள். திட்டம் விற்றுக் கட்டணம் எடுத்தவர்களிடம் கடன்வரி ஒரு சதமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. வேறு சட்டங்களில் அவர்களுக்குத் தண்டப்பணம் இருந்தது, ஆனால் கொம்பனியை மூடிவிட்டுப் புதிய பெயரில் வந்தவர்களை அது பெரிதாகப் பிடிக்கவில்லை.

2024 ஒக்டோபரில் புதிய தொழிற்கட்சி அரசு இன்னொரு மீளாய்வை அறிவித்தது. 2025 ஜனவரியில் அதற்கு நியமிக்கப்பட்டவர் ரே மக்கான், முன்னர் இறைவரியில் வேலை செய்தவர், பட்டய வரி நிறுவகத்தின் முன்னாள் தலைவர். கடன்வரி இருக்கலாமா என்று கேட்கிற அதிகாரம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. இன்னும் தீர்க்காமல் இருக்கிறவர்களை எப்படித் தீர்க்க வைக்கலாம் என்பதுதான் அவருக்கான கேள்வி. நவம்பர் 26ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தோடு அறிக்கை வெளியானது. வரியை ஒரே வருடத்தில் குவிக்காமல் கடன் வாங்கின வருடங்களின் வீதப்படி கணக்கிடலாம், விற்றவருக்குக் கட்டின கட்டணத்துக்கும் ஒரு கழிவு கொடுக்கலாம். அரசு அதற்கு மேலே ஒவ்வொருவருக்கும் 5,000 பவுண்ஸ் தள்ளுபடியையும் சேர்த்தது. மிச்சம் இருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பாதிக்கு மேல் குறையும், 30 வீதமானோருக்கு முழுவதும் இல்லாமல் போகும் என்பது அரசின் மதிப்பீடு. மேலே நாங்கள் போட்ட 75,600 கணக்கில் என்ன பிழை என்று 2017இலேயே சொன்னவர்களுக்கு, எட்டு வருடம் கழித்துப் பதில் கிடைத்திருக்கிறது.

இந்தத் தள்ளுபடி இன்னும் கட்டாமல் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். கடிதம் வந்தவுடன் பயந்துபோய், வீட்டை அடகு வைத்தோ பெற்றோரிடம் கடன் வாங்கியோ, கேட்ட முழுத் தொகையையும் 2018இலும் 2019இலும் கட்டித் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். மோர்ஸ் அறிக்கைக்குப் பிறகு அவர்களில் சிலருக்குப் பழைய வருடங்களின் காசு திரும்பிக் கிடைத்தது. இந்த முறை இல்லை. அவர்களுடைய கணக்கு மூடப்பட்டுவிட்டதாம்.